மடியில் படுற பக்கம்: லாப் ஸ்டீல் கிற்றாரின் முதுகுக்கு என்ன பூசுறது?

இந்தக் கிழமை எபிசோட்டில் வீட்டிலேயே ஒரு லாப் ஸ்டீல் கிற்றார் செய்யிறதைப் பற்றிக் கதைச்சோம். பலகை, பிக்கப், கம்பி, வயரிங் எல்லாம் வந்தது. ஒரு விஷயத்தை மட்டும் எழுத்துக்கு என்று ஒதுக்கி வைச்சோம்: கடைசிப் பூச்சு. அதிலும் பின்பக்கத்துப் பூச்சு.

"பின்பக்கம்தானே, ஆர் பாக்கப் போகினம்?" என்று கேட்பீங்கள். அதனால்தான் கன பேர் முன்பக்கத்தைப் பளபளவென்று தேய்ச்சுப்போட்டு, முதுகை வெறும் பலகையாக விட்டுவிடுவினம். லாப் ஸ்டீலில் அது சரிவராது. இந்தக் கிற்றாரின் முதுகு வாழ்க்கை முழுக்க ஒரு ஆளின் தொடையில்தான் இருக்கப்போகுது. அங்கே என்ன பூசுறீங்கள் என்பது மூன்று விஷயங்களைத் தீர்மானிக்கும்: கிற்றார் மடியில் நிற்குமா வழுக்குமா, பலகை நேராக இருக்குமா வளையுமா, பூசுற வேலையை உங்கட வீட்டுக்குள்ள ஆபத்து இல்லாமல் செய்யலாமா. அதால பின்பக்கத்தைப் பற்றி முதலே யோசிக்கோணும்.

முதலில், இது என்ன சாமான்?

லாப் ஸ்டீல் என்பது கம்பி மேல பார்க்கிற மாதிரி மடியில் கிடத்தி வாசிக்கிற கிற்றார். விரலால் கம்பியை அமத்துறதில்லை. இடது கையில் ஒரு உருக்குத் துண்டைப் பிடிச்சு, கம்பிக்கு மேலால வழுக்க விடுவினம். ஹவாயில் ஜோசப் கெகுகு என்ற பள்ளிக்கூடப் பெடியன் 1880களின் கடைசியில் இந்த முறையை உருவாக்கினார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பிறகு ஹவாய் இசை அமெரிக்காவை அள்ளிக்கொண்டு போனது.

சந்தையில் வெற்றிபெற்ற முதல் மின் கிற்றாரும் ஒரு லாப் ஸ்டீல்தான். பிறகு ரிக்கன்பேக்கர் என்று பெயர்பெற்ற கொம்பனி 1932இல் விற்கத் தொடங்கிய 'ஃப்ரையிங் பான்'. வட்ட உடம்பும் நீளக் கழுத்துமாக, பார்க்க முட்டை பொரிக்கிற தாச்சி மாதிரியே இருக்கும். முழுக்க அலுமினிய வார்ப்பு. மேடை விளக்குச் சூட்டில் அலுமினியம் விரிய, சுருதி ஓடிவிடும். அந்தத் தலையிடியால் அதே கொம்பனி 1930களின் நடுவில் பேக்லைட்டுக்கு மாறியது.

எங்கட ஊர்ப் பக்கமும் இந்தக் கதையில் இருக்கு. அதே 1932இல் செல்மர் கொம்பனி, மாரியோ மக்காஃபெர்ரி வடிவமைச்ச கிற்றார்களைச் செய்யத் தொடங்கியது. பரிசுக்கு வெளியே மாந்த்-லா-வில்லில் செய்த அந்தக் கிற்றார்களில் ஒரு ஹவாய் மொடலும் இருந்தது. அந்தக் காலத்துப் பரிசில் ஜீனோ போர்தான் போன்ற ஹவாய் கிற்றார்க்காரர்கள் இசைத்தட்டுகளும் போட்டார்கள்.

இன்னொரு பக்கம், வழுக்கி வாசிக்கிற வாத்தியம் தமிழருக்குப் புதுசில்லை. கோட்டுவாத்தியம், இப்ப சித்திரவீணை என்று சொல்லுறது, பார்க்க வீணை மாதிரி. ஆனால் மெட்டுகள் கிடையாது. வழுவழுப்பான ஒரு கட்டையைக் கம்பியில் ஓட்டித்தான் கமகம் எல்லாம் வரும். மைசூர் அரண்மனையில் வாசிச்ச கோட்டுவாத்தியம் நாராயண ஐயங்கார் இதில் பெரிய பெயர். சித்திரவீணையைத் தரையில் கிடத்தி வாசிக்கிறார்கள். அதன் முதுகு பார்க்கிறது தரையை. லாப் ஸ்டீலின் முதுகு பார்க்கிறது உங்கட ஜீன்ஸை. இந்த ஒரு வித்தியாசத்தில் இருந்துதான் கீழே வாறது எல்லாம்.

பூச்சு சத்தத்தை மாத்துமா?

எல்லாரும் கேட்கிற கேள்வி. உங்கட லாப் ஸ்டீல் உள்ளே வெறுமை இல்லாத கட்டிப் பலகை, மேலே மின் பிக்கப் என்றால், பின்பக்கத்துப் பூச்சால் வாற வித்தியாசத்தைக் காதால் பிடிக்கிறது கஷ்டம். பிக்கப் வாசிக்கிறது கம்பியின் அசைவை. 4 செ.மீ. தடிப்புப் பலகையில் மயிரளவு பூச்சு என்ன செய்யப்போகுது?

உள்ளே வெறுமையான வகை வேற கதை. 1920களில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஹெர்மன் வைசன்போர்ன் செய்த மாதிரிக் கிற்றார்களில் முதுகுப் பலகை சில மில்லிமீற்றர் தடிப்புத்தான். அதுவும் சேர்ந்து அதிரும். அதில் தடிப்பாகப் பூசினால் அதிர்வு மந்தமாகும். முதல் தடவை செய்யிறவை கட்டிப் பலகையில்தான் தொடங்குவினம், அதால மிச்சம் எல்லாம் அதைப் பற்றியே.

மடி என்ன கேட்குது?

கண்ணாடி மாதிரிப் பளபளப்பான முதுகு, பொலியெஸ்டர் ட்ராக் பான்ட்ஸில் சவுக்காரக் கட்டி மாதிரி வழுக்கும். உருக்குத் துண்டைப் பெரிய தூரம் இழுக்கிற ஒவ்வொரு தரமும் கிற்றாரும் சேர்ந்து நகரும். உருக்குத் துண்டு ஒரு மில்லிமீற்றர் தள்ளி நின்றாலே காதுக்குச் சுருதி பிசகுறது தெரியும். கிற்றாரே நகர்ந்தால் சொல்லத் தேவையில்லை. வெறும் மரம் வழுக்காது, உண்மை. ஆனால் வியர்வையைக் குடிக்கும், புது ஜீன்ஸின் நீலச் சாயத்தையும் குடிக்கும். மரத் துவாரத்துக்குள்ள போன சாயத்தை எடுக்கிறதென்றால் பலகையைத் திரும்பச் சீவத்தான் வேணும்.

ஆக, துவாரம் அடைபட வேணும், ஆனால் மேற்பரப்பு மங்கலாக இருக்க வேணும். அதோட இரண்டு சின்ன விஷயம். முதலாவது, விளிம்புகளை உருட்டிவிடுங்கோ. 3 முதல் 5 மி.மீ. அளவுக்கு வளைச்சால் போதும். அரை மணித்தியாலம் வாசிச்ச பிறகு தொடையில் கோடு விழாது. இரண்டாவது, வயரிங் குழியை முடிந்தால் மேல்பக்கத்தால் குடையுங்கோ. முதுகில் மூடி போட்டால் அதன் திருகாணித் தலைகள் மரத்துக்குள் அமிழ்ந்து இருக்கோணும். இல்லாட்டி அம்மாவின்ர சீலையில் இழை இழுக்கப்போறது நீங்கள்தான்.

பலகை என்ன கேட்குது?

இதுதான் கன பேருக்குத் தெரியாத பகுதி. மரம் வெட்டிக் காய்ஞ்ச பிறகும் காற்றில் இருந்து ஈரத்தை எடுத்துக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். லா கூர்னெவ் அப்பார்த்மோன் ஒன்றை நினைச்சுப் பாருங்கோ. மாரியில் ரேடியேட்டர் ஓட, வீட்டுக் காற்று நல்லாக் காய்ஞ்சுபோகும். கோடை மழையில் அதே அறை ஈரமாக இருக்கும். இந்த ஏற்ற இறக்கத்தில் மரம் நீளப்பாட்டுக்குப் பெரிசா மாறாது. அகலப்பாட்டுக்கு விரிஞ்சு சுருங்கும். இங்க மலிவாகக் கிடைக்கிற ஹெத்ர், அதாவது பீச் மரம், இதில் கூட ஆடுகிற சாதி. 20 செ.மீ. அகலப் பலகை ஒன்று வருஷத்துக்குள் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் அகலம் மாறக்கூடும்.

இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் ஈரம் போய் வந்தால் பிரச்சினை குறைவு. பலகை தட்டையாகவே விரியும், தட்டையாகவே சுருங்கும். முன்பக்கத்தில் ஆறு தட்டு வார்னிஷும் பின்பக்கத்தில் ஒன்றுமே இல்லாமலும் விட்டால்? மாரியில் வெறும் முதுகு முதலில் காயும், முதலில் சுருங்கும். பலகை குறுக்குப்பாட்டில் கிண்ணம் மாதிரி வளையும். மர இழை சரிவாக ஓடினால் முறுக்கும் சேரும்.

சாதாரண கிற்றாரில் இது பெரிய விஷயமாகத் தெரியாமல் போகலாம். லாப் ஸ்டீலில் உருக்குத் துண்டு ஆறு கம்பியிலும் ஒரே நேரத்தில் சமனாகப் படுக்க வேணும். அதுக்குத் தலைமாட்டு நட்டும் கால்மாட்டு பிரிட்ஜும் ஒரே தளத்தில், வளைவே இல்லாமல் இருக்கோணும். பலகை முறுக்கினால் அந்தத் தளம் உடையும். ஒரு ஓரக் கம்பி அழும், மற்ற ஓரக் கம்பி சிணுங்கும். அதுக்கு மேல ஆறு கம்பியும் சேர்ந்து 50 கிலோவுக்கு மேல இழுத்துக்கொண்டு நிற்குது.

விதி சிம்பிள்: முன்பக்கத்துக்கு எத்தனை தட்டோ, பின்பக்கத்துக்கும் அத்தனை தட்டு. அதே சாமான், அதே நாள். பக்கவாட்டையும், தலைமாட்டின் வெட்டு முகத்தையும், குழியின் உள்பக்கத்தையும் விட்டுவிடாதேங்கோ. வெட்டு முகத்தால்தான் ஈரம் ஆகக் கூடிய வேகத்தில் போகும். எந்தப் பூச்சும் ஈரத்தை முழுக்க நிப்பாட்டாது, மெதுவாக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவு மெதுவானால் போதும்.

வீடு என்ன கேட்குது?

அமெரிக்க வீடியோக்களில் பெரிய கராஜுக்குள் நின்று நைத்ரோசெல்லுலோஸ் லாக்கரை ஸ்ப்ரே பண்ணுவினம். பழைய கிற்றார்களில் இருக்கிறதும் அதுதான். ஆனால் அதன் ஆவி உடனே தீப்பிடிக்கும், மூச்சுக்கும் கூடாது. மூன்றாம் மாடியில், பக்கத்து அறையில் தங்கச்சி படிச்சுக்கொண்டு இருக்க, அடுப்பில் சோறு கொதிக்க, இதைச் செய்யவே கூடாது. கீழே 'காவ்' இருக்கே என்று அங்கேயும் கொண்டுபோகாதேங்கோ. கரைப்பான் ஆவி காற்றை விடப் பாரம், நிலக்கீழ் அறையில் தேங்கி நிற்கும். நைத்ரோவுக்கு இன்னொரு குணமும் இருக்கு: சில ரப்பரும் மெது பிளாஸ்டிக்கும் பட்டால் இளகி ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் விரிப்பிலோ ரப்பர் வைச்ச ஸ்டாண்டிலோ படுக்கப்போகிற முதுகுக்கு அது பொருத்தம் இல்லை.

மிச்சம் இருக்கிறது மூன்று வழி. தண்ணியில் கரையிற வார்னிஷ்: மணம் குறைவு, தூரிகையால் பூசலாம், மங்கல் வகையும் கிடைக்கும், ஆனால் கீறினால் அந்த இடத்தை மட்டும் திருத்துறது கஷ்டம். லின்சீட், டங் போன்ற காய்கிற எண்ணெய்: கைக்கு இதமாக இருக்கும், வழுக்காது, திருத்துறது சுகம், ஆனால் காற்று ஈரத்தை மெதுவாக்குறதில் பலவீனம், அதோட கீழே சொல்லப்போகிற ஒரு ஆபத்தும் இருக்கு. மூன்றாவது அரக்கு. முதல் கிற்றாருக்கு எங்கட தெரிவு அதுதான்.

அரக்கு, அதாவது கோம் லாக்

மகாபாரதக் கதையில் பாண்டவரை எரிக்கக் கட்டின அரக்கு மாளிகை ஞாபகம் இருக்கோ? அதே அரக்குத்தான். லாக் என்ற சின்னப் பூச்சி மரக்கிளையில் கசிய விடுகிற பிசின். இண்டைக்கும் ஜார்கண்ட், சத்தீஸ்கர் பக்கம் குசும்ப மரத்திலும் புரச மரத்திலும் இலந்தையிலும் வளர்த்து எடுக்கிறார்கள். கர்நாடகத்துச் சென்னபட்டணத்து மரப் பொம்மையின் பளபளப்பும், இலங்கையில் மாத்தளைப் பக்கத்து அரக்கு வேலைப்பாடும் இதால் வாறதுதான். இதை மெல்லிய செதிலாக்கி அல்கஹோலில் கரைச்சால் பிரெஞ்சில் 'கோம் லாக்'. அதைத் துணிப் பொட்டலத்தால் தேய்ச்சுத் தேய்ச்சு ஏற்றுறது 'வெர்னி ஓ தம்போன்'. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் இந்த முறை பரவ, ஆங்கிலேயர் அதுக்கு 'பிரெஞ்சு பொலிஷ்' என்று பெயர் வைச்சார்கள். அந்தப் பெயர் சுத்தி இந்தியாவுக்கே திரும்பிப் போய், தளபாட ஆசாரிமார் வாயிலும் இப்ப 'பிரெஞ்சு பாலிஷ்'தான். ஹவாய் கிற்றாரை உலகம் முழுக்கக் கொண்டுபோன பழைய 78 சுற்று இசைத்தட்டுகளும் அரக்குக் கலவையால் செய்ததுதான்.

பின்பக்கத்துக்கு இது ஏன் நல்லது? காற்று ஈரத்தைத் தடுக்கிறதில் நல்ல கெட்டி. கரைப்பான் அல்கஹோல் மட்டும்தான். ஸ்ப்ரே கருவி தேவையில்லை. எல்லாத்துக்கும் மேல, அடுத்த தட்டு பழைய தட்டைக் கொஞ்சம் கரைச்சு அதோட ஒன்றாகிவிடும். ஜீன்ஸ் பொத்தான் கீறினால் அந்த இடத்தில் மட்டும் தம்போனை ஓட்டித் திருத்தலாம். முதுகில் கீறல் விழாமல் இருக்காது, அதால இது பெரிய விஷயம்.

செய்யிற முறை

அரத்தாள், அதாவது பப்பியே வேர், 120இல் தொடங்கி 180, 220 வரை இழை ஓடுற பக்கத்துக்குத் தேயுங்கோ. பிறகு ஈரத் துணியால் ஒருக்காத் துடைச்சுக் காயவிடுங்கோ. மர இழை பூனை மயிர் மாதிரி எழும்பும். அதைத் திரும்ப 220ஆல் மெதுவாகத் தேய்ச்சு எடுங்கோ. இதைச் செய்யாமல் விட்டால் முதல் தட்டிலேயே முதுகு சொரசொரக்கும்.

30 கிராம் செதிலை 200 மி.லி. அல்கஹோலில் போட்டு, கண்ணாடிப் போத்தலில் ஒரு நாள் வையுங்கோ, இடைக்கிடை குலுக்கிவிடுங்கோ. தண்ணி கலந்த அல்கஹோல் என்றால் பூச்சு வெள்ளையாக மங்கும், அதால 95 பாகைக்குக் குறையாமல் வாங்குங்கோ. கடையில் விக்கிற 'அல்கூல் அ ப்ரூலே' சிலவற்றில் மெதனோல் கலந்திருக்கும்; லேபலை வாசியுங்கோ, கையுறை போடுங்கோ, யன்னல் திறந்து இருக்கட்டும், கிட்ட நெருப்பு வேண்டாம், சிகரெட்டும் வேண்டாம். கரைச்சதைப் பழைய பருத்தித் துணியால் வடிச்சு, போத்தலில் திகதி எழுதுங்கோ. கரைசல் பழசானால் வடிவாகக் காயாது. சந்தேகம் என்றால் கண்ணாடித் துண்டில் ஒரு துளி விட்டுப் பாருங்கோ. அடுத்த நாளும் பிசுபிசுத்தால் அதைப் பாவிக்க வேண்டாம்.

பஞ்சைப் பருத்தித் துணியில் பொதிஞ்சு எலுமிச்சம்பழ அளவில் ஒரு தம்போன் கட்டுங்கோ. கரைசலைப் பஞ்சுக்குள் ஊத்தி, கடதாசியில் அமத்தி மிச்சத்தை எடுங்கோ. நனைஞ்சு சொட்டக் கூடாது. ஒரு நுனியில் இருந்து மற்ற நுனிக்கு, விமானம் இறங்கி ஏறுற மாதிரி, நிப்பாட்டாமல் ஓட்டுங்கோ. தம்போன் பூச்சில் நின்றால் அங்கேயே ஒட்டி வடு விழும். முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என்று மாறி மாறிப் பூசலாம். தட்டுக்குத் தட்டு ஒரு மணித்தியாலம். ஒரு நாளைக்கு மூன்று நாலு தட்டு, மொத்தம் எட்டு. நடுவில் ஒருக்கா 320ஆல் இலேசாகத் தடவுங்கோ.

பிறகு ஒரு கிழமையாவது தொடாதேங்கோ. நல்லா இறுகின பிறகு முதுகை மட்டும் மங்கலாக்கி, கொஞ்சம் மெழுகு தேய்க்கலாம். இதுக்குக் கன புத்தகங்கள் மெல்லிய இரும்புக் கம்பளியைச் சொல்லும். பிக்கப் பூட்டின பிறகு அதைக் கிட்டவும் கொண்டுவராதேங்கோ. பொடி எல்லாம் பிக்கப் காந்தத்தில் போய் ஒட்டும், எடுக்கவே ஏலாது. அதுக்குப் பதிலாகச் சாம்பல் நிற நைலோன் தேய்ப்பான் போதும். இன்னும் வழுக்குது என்றால் மெல்லிய தோல் துண்டு இரண்டை முதுகின் இரண்டு பக்கமும் ஒட்டிவிடுங்கோ.

அரக்குக்குப் பலவீனமும் இருக்கு. அல்கஹோல் பட்டால் கரையும். கொரோனாக் காலத்தில் பழகின கை ஜெல்லைப் பூசிப்போட்டு ஈரக் கையால் கிற்றாரைத் தூக்கினால் விரல் அடையாளம் அப்படியே பதியும். சென்ட் அடிச்ச உடுப்பும் அப்படித்தான். சூடும் ஆகாது: ரேடியேட்டருக்கு மேல வைக்காதேங்கோ, வெயிலில் நிற்கிற காருக்குள்ளயும் விடாதேங்கோ.

எண்ணெய் பூசுறவைக்கு ஒரு எச்சரிக்கை

இதை வாசிச்ச பிறகும் சிலர் லின்சீட் எண்ணெய்தான் எடுப்பீங்கள், அதில் பிழையில்லை. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். இந்த எண்ணெய் காயிறது என்றால் காற்றின் ஒட்சிசனோடு சேருது என்று அர்த்தம். சேரேக்க சூடு வெளியே வரும். பலகையில் மெல்லிசாக இருந்தால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். நனைஞ்ச துணியைச் சுருட்டிக் குப்பைப் பையில் போட்டால் சூடு உள்ளேயே தேங்கி, நெருப்புக்குச்சியே இல்லாமல் சில மணித்தியாலத்தில் தானாகத் தீப்பிடிக்கும். வேலை முடிஞ்சு எல்லாரும் படுத்த பிறகு நடக்கிற விபத்து இது. துணியை ஒவ்வொன்றாக விரிச்சு வெளியே காயவிடுங்கோ. வெளியே இடமில்லை என்றால் தண்ணி நிரப்பின தகர டின்னில் அமிழ்த்தி, மூடி போட்டு, கரைப்பான் மிச்சங்களோடு சேர்த்து டெஷெத்ரிக்குக் கொண்டுபோங்கோ. எட்டுக் குடும்பம் ஒரே படிக்கட்டைப் பாவிக்கிற கட்டடத்தில் இது உங்கட வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை.

கடைசியாக, எந்தப் பூச்சு எடுத்தாலும் முதலில் வெட்டி மிஞ்சின துண்டில் பூசிப் பாருங்கோ. அந்தத் துண்டைத் தொடையில் வைச்சு, நீங்கள் வழமையாகப் போடுற உடுப்போட, அஞ்சு நிமிஷம் இருங்கோ. வழுக்குதா, ஒட்டுதா, நிறம் பிடிக்குதா என்று பார்த்துப்போட்டு முடிவெடுங்கோ.

அடுத்த எபிசோட்டில் பிக்கப் சுத்துறதும், மலிவு ஆம்ப் ஏன் உறுமுது என்றதும். செய்து முடிச்சவை படம் அனுப்புங்கோ. முன்பக்கம் எல்லாரும் அனுப்புவினம். எங்களுக்குப் பின்பக்கப் படம்தான் வேணும்.